ஹம்பி: ஒன்றரை நாளில் அம்மாவுடன்

சனிக்கிழமை காலை ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொஸபேட்டில் இறங்கி ஞாயிறு மதியம் கிளம்புகிறீர்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, எதை விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். மாதங்க மலையை விட்டுவிடுங்கள், கரடுமுரடான பாறைப் படிகள், அம்மாவால் முடியாது.

சனிக்கிழமை முழுநாளுக்கும் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் நேரே விட்டலர் கோயிலுக்குப் போய்விடுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோயிலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர், பேட்டரி வண்டி உண்டு என்பதால் நடக்கவேண்டியதில்லை. 50 ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேர் இங்கேதான். டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அன்றைக்கே தாமரை மஹாலுக்கும் அதுவே செல்லும். தாமரை மஹாலும் யானைக் கொட்டாரமும் ஒரே வளாகத்தில், சமதரையில் இருப்பதால் அம்மாவுக்குச் சிரமமில்லை. அப்புறம் பக்கத்திலேயே ஹஜார ராமர் கோயில். சுவரெல்லாம் ராமாயணம், அம்மாவே உங்களுக்குக் கதை சொல்வார், அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஞாயிறு காலை விருபாட்சர் கோயில். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரப் பேரரசின் தலைநகரமான இந்த ஊரே சூறையாடப்பட்டது, ஆனால் இங்கே இன்றும் பூஜை நடக்கிறது. பின்பக்கம் ஒரு இருட்டு அறையில் கோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழும், யாரிடமாவது கேட்டுக் கட்டாயம் பாருங்கள்.

தொப்பி, தண்ணீர் மறக்கவேண்டாம், தாமரை மஹால் இருக்கும் அரண்மனைப் பகுதியில் நிழலே கிடையாது.