ஆர்த்தாப்டிக்ஸ் படிக்க வைக்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. மகள் ஆர்த்தாப்டிக்ஸ் என்றதும் 'கண்ணாடிக் கடை வேலைதானே' என்று சொந்தக்காரர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் ஆர்த்தாப்டிஸ்ட். குழந்தைகளின் மாறுகண், ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராமல் போகும் சோம்பேறிக் கண், பக்கவாதத்துக்குப் பிறகு ஒன்று இரண்டாகத் தெரிவது, தைராய்டால் கண் தசை இறுகிப்போவது, இதெல்லாம் இவர்களிடம்தான் வரும்.

அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது. ஒரு பொம்மையைக் காட்டிக்கொண்டே வலது கண்ணை மறைக்கிறார்கள், சும்மா இருக்கிறது. இடது கண்ணை மறைத்ததும் அழுது கையைத் தட்டிவிடுகிறது என்றால், வலது கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம் என்று சந்தேகம் வரவேண்டும். அப்புறம்தான் பெரிய வேலை. சோம்பேறிக் கண்ணை வேலை செய்ய வைப்பதற்காக, நன்றாகத் தெரிகிற கண்ணை தினமும் ஒட்டு போட்டு மூடச் சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் மனசு வராது. 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், ஏழெட்டு வயது தாண்டினால் சிகிச்சைக்குப் பலன் குறைந்துகொண்டே போகும் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. நடுத்தர அளவு சோம்பேறிக் கண்ணுக்கு தினம் 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரம் மூடிய அளவு பலன் கிடைத்ததாக 2003-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் ஒரு குழந்தையின் பார்வை தப்பிக்கும். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மார்க்கை அப்புறம் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் இது தனிப் பட்டப்படிப்பு, ஷெஃபீல்ட், லிவர்பூல் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் தனித் தொழில். ஆர்த்தாப்டிஸ்ட்களின் சர்வதேச சங்கம் 1967-இலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் நிலைமை வேறு, இந்த வேலையைப் பெரும்பாலும், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்ட்களே செய்கிறார்கள். அதனால் இங்கே பி.ஆப்டம் என்ற ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பில் சேர்ந்து, பிறகு மாறுகண், குழந்தைகள் கண் பிரிவில் தேர்ச்சி பெறுவதுதான் என் யோசனை. சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் கல்லூரி 1985 முதல் நடக்கிறது, மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், இன்டர்ன்ஷிப்பில் மாறுகண் பிரிவில் எத்தனை வாரம் விடுவார்கள், மாறுகண்ணை அளக்கும் கருவிகளான பிரிஸம் பாரையும் சினாப்டஃபோரையும் மாணவர்களே கையாள்கிறார்களா என்று இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பி.ஆப்டம் முடித்தால் லண்டனில் நேரே ஆர்த்தாப்டிஸ்ட்' என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். அங்கே ஆப்டோமெட்ரிஸ்டுக்கும் ஆர்த்தாப்டிஸ்டுக்கும் பதிவு செய்யும் அமைப்பே வேறு வேறு, பதிவு இல்லாமல் ஆர்த்தாப்டிஸ்ட் என்ற பெயரில் வேலை பார்க்கவே முடியாது. அந்தப் பேச்சை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவேண்டாம். தொடக்கச் சம்பளமும் சுமார்தான், அதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சேர்க்கைக்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் கண் ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, குழந்தைகள் பிரிவு ஓ.பி.யில் அவளை ஒரு காலை முழுக்க உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன பார்த்தாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அதற்கப்புறம் சேர்ந்து பார்ப்போம்.