விஞ்ஞானிகள் ட்விட்டரில் ஒரு மாதிரியும் ஆய்வுக் கட்டுரையில் வேறு மாதிரியும் பேசுவது ஏன்?

நான் விஞ்ஞானி இல்லை. அவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு, பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன. ஒரு கட்டுரை கைக்கு வந்ததும் எழுதியவர் ட்விட்டரில் இருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. (எக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ட்விட்டரில் மனிதர் புலம்புகிறார், நள்ளிரவில் பழுதான கருவியைப் படம் எடுத்துப் போடுகிறார். கட்டுரையிலோ அந்த ஆளையே காணோம். "மாதிரிகள் 72 மணி நேரம் வைக்கப்பட்டன" என்றிருக்கும். யார் வைத்தார்? ஏன் 72? மூச்சு விடமாட்டார்கள்.

2013 ஜனவரியில் அந்தத் திரையை அவர்களே விலக்கினார்கள். 'ஓவர்லி ஆனஸ்ட் மெத்தட்ஸ்', அதாவது அளவுக்கு மீறிய நேர்மையுடன் செய்முறை, என்ற ஹேஷ்டேக்கில் ஆய்வுக்கூட ரகசியங்கள் கொட்டின. மூன்று நாள் வைத்ததற்குக் காரணம், மாணவர் அதைக் குளிர்பதனப் பெட்டியில் மறந்துவிட்டதுதான் என்கிற ரகம். சிரித்து முடித்த பிறகு என் மேசையிலிருந்த கட்டுரையின் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன்.

அதற்காகக் கட்டுரையைப் பொய் என்று சொல்லமாட்டேன். மறதியால் ஆனாலும் மூன்று நாள் மூன்று நாள்தானே? அதே சோதனையைத் திரும்பச் செய்கிறவருக்கு வேண்டியது 72 என்ற எண்; மாணவரின் மறதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? யோசித்துத் தேர்ந்தெடுத்த எண்போல அதற்கு ஒரு காரணத்தையும் பின்னால் ஒட்டவைக்கும்போதுதான் எனக்கு உறுத்தும்.

கட்டுரையின் சம்பிரதாயங்கள் எவ்வளவு விறைப்பானவை என்பதற்கு ஒரு பூனை சாட்சி. 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், தனியாக எழுதிய கட்டுரை முழுவதிலும் "நாங்கள்" என்று போட்டுவிட்டார். ஒற்றை ஆசிரியருக்கு அது ஆகாது, இதழ் ஏற்காது என்றார் சக ஊழியர் ஒருவர். தட்டச்சுக் காலம்; முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். மனிதர் தன் சயாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியர் ஆக்கிவிட்டார். கட்டுரை அச்சாகியும்விட்டது.

பொதுமக்கள் முன்னால் குரலை உயர்த்துவது ட்விட்டரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2016 பிப்ரவரி 11 அன்று, விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோ திட்டத்தின் இயக்குநர் டேவிட் ரைட்ஸி, செய்தியாளர்கள் முன் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்துவிட்டோம், சாதித்துவிட்டோம் என்று முழங்கினார். அதே நாளில் வெளிவந்த கட்டுரையில் அந்த முழக்கம் இல்லை. இப்படியொரு சமிக்ஞை வெறும் இரைச்சலால் தற்செயலாகத் தோன்றுவது 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவு என்ற கணக்குதான் இருந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய மார்தட்டல். படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கேட்கும், அவ்வளவுதான்.

எல்லோரும் அப்படிப் பொறுப்பாக இருப்பதில்லை. ஒருமுறை வந்த கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் 'கூடும்', 'ஒருவேளை', 'எனத் தோன்றுகிறது' என்ற பொருளில் மூன்று தயக்கங்கள். இரண்டை வெட்டினேன். "ஐயோ, மேடம், வேண்டாம்; மதிப்பீட்டாளர் என்னைப் பிய்த்துவிடுவார்" என்று கட்டுரையாளர் பதறி, இரண்டையும் திரும்ப வைத்தார். (இதழுக்காகக் கட்டுரையைச் சோதித்துப் பார்க்கும் சக விஞ்ஞானிதான் மதிப்பீட்டாளர்.) கட்டுரை வெளியான அன்று அவருடைய ட்விட்டர் பக்கத்துக்குப் போனேன். மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று ராக்கெட் படத்தோடு அறிவித்திருந்தார். சோதனை நடந்தது எலிகளிடம் என்ற சேதியை எங்கும் காணவில்லை. மதிப்பீட்டாளரை நினைத்துப் பயந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எங்களைப் போன்ற வாசகர்களை நினைத்துப் பயப்படவில்லையே என்று கொஞ்சம் கோபமாகவே இருந்தது.