54 வயதில் மறுபடி மேடை ஏறலாமா?

கேள்வி: திருமணத்துக்கு முன்பு 12 வருடம் பரதம் கற்றேன், அரங்கேற்றமும் நடந்தது. அதன் பிறகு சலங்கை கட்டவே இல்லை. இப்போது எனக்கு 54 வயது. என் மகளின் தோழி ‘நினைவு’ என்பதை வைத்து ஒரு தற்கால நடனப் படைப்பு செய்கிறாள், அதில் நானும் ஆட வேண்டும் என்கிறாள். அடவுகள் (பரதத்தின் அடிப்படை அசைவுகள்) பாதி மறந்துவிட்டன, முழங்கால் வலி வேறு. வீட்டில் சிரிக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? கற்ற கலைக்கு இது அவமரியாதை ஆகாதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள் சகோதரி. முதலில் முழங்காலை மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு மடக்கலாம், குதிக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, நீங்கள் தயங்குவதற்குச் சொல்லும் காரணங்களுக்காகத்தான் அந்தப் பெண் உங்களைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அடவு சுத்தமாக ஆடும் இருபது வயதுப் பிள்ளைகள் அவளுக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்களே!

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பினா பவுஷ் என்ற நடன அமைப்பாளர் 1978-இல் ‘கோன்டாக்ட்ஹோஃப்’ என்று ஒரு படைப்பைச் செய்தார். பழைய நடனக்கூடம் ஒன்று, சுவரோரம் நாற்காலிகள். ஆடுபவர்கள் முன்னால் வந்து பல்லைக் காட்டுகிறார்கள், கையைக் காட்டுகிறார்கள், பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்ற நம் பெண்களுக்கு அது சொல்லாமலே புரியும். கதை என்று எதுவும் கிடையாது, பிறருக்குப் பிடித்தவராக வேண்டும் என்ற தவிப்பும் அதற்காகப் படும் அவமானமும்தான் விஷயம். 2000-இல் அதே படைப்பை, 65 வயது தாண்டிய, நடனத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஊர்க்காரர்களை வைத்து மேடையேற்றினார். 25 வயதுப் பெண் வெட்கத்தோடு ஒருவரை நோக்கி நடப்பது ஒன்று, 70 வயதில் ஒருவர் அதே வெட்கத்தோடு நடப்பது முற்றிலும் வேறு. அப்புறம் 2008-இல் பதின்பருவப் பிள்ளைகள் ஆடினார்கள். 2009-இல் பவுஷ் காலமானார். 2024-இல் முதல் குழுவில் இருந்த சிலரே, தங்கள் 1978 படம் திரையில் ஓட, அதே அசைவுகளைத் தங்கள் இன்றைய உடம்போடு ஆடினார்கள். மேடைக்கு வராத பழைய கூட்டாளிகள் திரையில் மட்டும் இருந்தார்கள். மாற்றத்தைப் பற்றி இதைவிட நேராக ஒரு நடனம் பேசிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் மறந்த அடவுகளை அவசர அவசரமாகத் திரும்பப் படிக்காதீர்கள். ‘தெய்யா தெய்’ சொல்லிக்கொண்டே ஆடிப் பாருங்கள். கால் தானாகப் போய்க்கொண்டிருக்கும்போது கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டால், அந்த இடத்தை மறைக்காமல் அப்படியே அவளுக்குக் காட்டுங்கள், நினைவைப் பற்றிய படைப்புக்கு வேண்டியது அதுதான். பவுஷ் ஒத்திகையில் கேள்விகள் கேட்பார், ஆடுபவர்கள் சொந்த நினைவிலிருந்து பேச்சாகவோ அசைவாகவோ பதில் தருவார்கள். இவளும் அந்த வழியில் ‘ஏன் ஆடுவதை நிறுத்தினீர்கள்?’ என்று கேட்கக்கூடும். விரும்பினால் சொல்லுங்கள், இல்லையென்றால் ‘இது மேடைக்கு வேண்டாம்’ என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். உங்கள் வாழ்க்கையில் எது பலர் முன்னால் வரலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவமரியாதை என்ற பயத்துக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற சந்திரலேகா, பல வருடம் மேடையை விட்டு விலகியிருந்துவிட்டு, 1985-இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு, ‘அங்கிகா’ என்ற நடனப் படைப்பை உருவாக்கினார். பரதத்தோடு களரியையும் யோகாவையும் சேர்த்தார், நகையையும் புராணக் கதையையும் ஒதுக்கிவைத்துவிட்டு உடம்பின் பலத்தைக் காட்டினார். எதிர்ப்பு இருந்தது, இருந்தும் கடைசிவரை அந்த வழியிலேயே போனார். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியை அவர் கைவிடவில்லை. கற்றதை அவமதிக்கிறவர் இப்படியா செய்வார்? நீங்களும் கற்றதை விட்டுவிட்டு வரப்போவதில்லை, 30 வருடத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டுதானே வந்திருக்கிறீர்கள்.

வீட்டில் சிரிப்பவர்களிடம் வாதாட வேண்டாம். ஒத்திகை நடக்கும் மாலைகளில் சமையல் யார் பொறுப்பு என்று மட்டும் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள், பலருடைய நடனம் தடைபடுவது அங்கேதான். அந்தப் பெண்ணிடம் ஒத்திகை நாட்கள், மேடையின் தரை மரமா சிமென்டா, நடுவில் உட்கார்ந்து ஆட வழி உண்டா என்பதையெல்லாம் கேளுங்கள். சிமென்டு தரை என்றால் குதிப்பது வேண்டவே வேண்டாம்.