நடக்கிறவர்களுக்கு என்ன கட்டிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் தெருப் பிள்ளைகள் 22 பேர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நூலகம் வைக்க நிதி திரட்டுவதற்காக, தை மாதக் கடைசியில் வேலூர்க் கோட்டை வாசலில் இருந்து திருவண்ணாமலை வரைக்கும் நடக்கப் போகிறார்கள். இரண்டு நாளில் போய்ச் சேருவதாகத் திட்டம். சாப்பாடு, தண்ணீர், கூடவே வரும் வண்டி எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சமைத்திருக்கிறேன், இது புதுசு. எப்படித் தயார் பண்ணுவது?
- கணியம்பாடி வாசகி

பதில்: அந்தக் கல்யாணப் பழக்கத்தை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. பந்தியில் சாப்பிட்டவன் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் சாய்வான். உங்கள் பிள்ளைகள் எழுந்து மறுபடியும் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயிறு முட்டப் பரிமாறினால் அடுத்த புளியமரத்தடியில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு ஒரு தரம், உப்போடு கொடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டு நாள் கணக்கும் சரியில்லை. பாதை 80 கி.மீ.க்கு மேலே இருக்கிறது, பழகாத காலுக்கு தினம் 40 என்பது தண்டனை. முதல் ராத்திரி கண்ணமங்கலம், இரண்டாவது ராத்திரி போளூர் என்று மூன்று நாளாக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளும் ஏறக்குறைய 25, கடைசி நாள் மட்டும் 30க்கு மேல். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் தையில் பனி இருந்தாலும் நம் ஊர் வெயில் பத்தரை மணிக்கே வேலையைக் காட்டிவிடும். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதை கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் என்று இதே ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது, பஸ்ஸும் உண்டு. அதனால் முடியாதவனை வீட்டுக்கு அனுப்புவது பெரிய பாடில்லை. 'எப்படியாவது நட' என்று யாரையும் இழுக்காதீர்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் வையுங்கள். 7 மணி நேரத்துக்கு 22 பேருக்கு 77 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. மோர் கரைக்க, கை கழுவ இன்னும் இரண்டு. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிக்க விடாதீர்கள். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும்போது தண்ணீர் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வரும். பார்க்கிறவர்கள் 'தாகம்தான்' என்று இன்னும் ஊற்றுவார்கள், அது ஆபத்து. குழப்பமாகப் பேசினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பையன் சட்டை முதுகில் வெள்ளையாகக் கோடு படிந்திருந்தால் அது உப்பு. அவனுக்கு நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், இல்லை ஓஆர்எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போடுங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கிளம்பும் முன் ஒரு சொம்பு கேவுரு கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். 7 மணிக்குப் பொடி தடவி நல்லெண்ணெய் ஊற்றிய இட்லி, ஆளுக்கு நான்கு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும். நடுநடுவே வாழைப்பழம், கடலை மிட்டாய், அவித்த வேர்க்கடலை. மதியத்துக்குப் புளிசாதம், வண்டியில் வருகிறவர்களையும் சேர்த்து மூன்றரை கிலோ அரிசி போடுங்கள். தயிர்சாதம் கட்டுவதில் நான் ஒரு தரம் மாட்டியிருக்கிறேன். விடிகாலை சூடாகப் பிசைந்து தூக்கில் மூடி வண்டியில் வைத்தேன், போளூர் தாண்டுவதற்குள் மூடியைத் திறந்தால் நுரை, அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. சாதத்தை நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டால் மதியத்துக்குச் சரியாக இருக்கும்.

கூட வருகிற குட்டியானை முன்னாலேயே ஓடிப்போய் நிழல் பிடிக்கக் கூடாது. 3 கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் நகர வேண்டும். இருட்டில் நடக்கிறவர்கள் எதிரே வரும் வண்டிகள் தெரிகிற மாதிரி வலது ஓரமாக, ஒளிரும் ஜாக்கெட்டோடு போகட்டும். கண்ணமங்கலம் வந்தாலே திருவண்ணாமலை மாவட்டம், ஆகவே இரண்டு மாவட்டப் போலீசுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

அப்புறம் கால். இதற்கென்று புது ஷூ வாங்கியவன்தான் முதலில் மதகுக் கட்டையில் உட்காருவான். சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். தோலைக் கிழிக்காதீர்கள், சுத்தம் செய்து துணி சுற்றுங்கள். கிளம்பும்போதே விரலிடுக்கில் வாசலின் தடவி, மாற்று சாக்ஸும் பையில் இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

கேள்வி: ஆம்பூர்க்காரர் ஒருவர் முதல் நாள் மதியம் பிரியாணி போடுகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நன்கொடைப் பணத்தில் சாப்பாட்டுச் செலவை எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.
- அதே வாசகி

பதில்: நல்ல மனுஷர், விடாதீர்கள். ஆனால் முதல் நாள் மதியம் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் உள்ளே போனால் நடை அங்கேயே முடிந்தது. நடையெல்லாம் முடிந்து வேலூர் திரும்பிய பிறகு போடச் சொல்லுங்கள், பிள்ளைகளும் ஆசையோடு நடப்பார்கள். நன்கொடையில் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள், 'நூலகத்துக்கு' என்றுதானே வாங்கினீர்கள். வீட்டுக்கு ஒரு படி அரிசி கேளுங்கள், நம் தெருவில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். வண்டிக்கு டீசல் போடத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும், அதை இப்போதே ஆரம்பியுங்கள்.