லொறி தெரியாத உணரியும் மாணிக்கம் தேடும் பெட்டியும்

கேள்வி: ஹட்டனில் உயர்தரத்தில் படிக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பாதை வளைவில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வரும் லொறி தெரியாது. காந்த உணரியால் லொறியை அறிந்து விளக்கு எரியவைக்கும் கருவியை ஆர்டுயினோ யூனோ என்ற சிறு நிரலாக்கப் பலகையில் செய்கிறோம். காந்தப்புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் 49இ ஹால் உணரியை வாங்கினோம்; அதுவோ, காந்தத்தைக் கிட்டே பிடித்தால்தான் அசைகிறது. கடைக்காரர் பழுதானதைத் தந்துவிட்டாரா?

பதில்: பழுதில்லை தம்பி, இந்த வேலைக்கு அது ஆகாது. லொறியின் இரும்பு பெரும்பாலும் புவிக்காந்தப் புலத்தைச் சற்றே வளைக்கிறது, அவ்வளவுதான். இலங்கையில் அந்தப் புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 0.4 காஸ். 49இ ஒரு காஸுக்குச் சுமார் 1.4 மில்லிவோல்ட் தரும். ஆக, புவிப்புலம் முழுவதற்கும் அரை மில்லிவோல்ட் சொச்சம். யூனோ பிரித்தறியும் மிகச் சிறிய படியே கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். அதில் லொறி எங்கே தெரியப்போகிறது?

காந்தப்புலத்துக்கேற்ப மின்தடை மாறும் வகை உணரியை வாங்குங்கள். ஜிவொய்-271 என்று விற்கும் திசைகாட்டிப் பலகையில் இருப்பது அதுதான். அதிலுள்ள சில்லு 'எச்எம்சி5883எல்' என்று சொல்லித்தான் விற்பார்கள். ஹனிவெல் நிறுவனம் அந்தச் சில்லின் தயாரிப்பை நிறுத்திவிட்டது; இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது கியூஎம்சி5883எல் என்ற வேறு சில்லு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் சில்லின் முதுகைப் பாருங்கள்: 'எல்883' என்றிருந்தால் முன்னது, 'டிஏ5883' என்றிருந்தால் பின்னது. பலகையை இணைத்தபின், யூனோ அந்தச் சில்லை அழைக்கும் முகவரி எண்ணும் காட்டிக்கொடுக்கும்: முன்னதற்குப் பதின்ம எண்ணில் 30, பின்னதற்கு 13. உங்கள் வேலைக்கு இரண்டாவதும் தாராளமாகப் போதும். அதற்குரிய நிரல் நூலகத்தைப் போடவேண்டும். ஆனால் பழைய சில்லின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன், காசில்லாமல் ஒரு சோதனை. பல கைபேசிகளில் திசைகாட்டிக்கான காந்த உணரி இருக்கிறது. ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலியை இயக்கி, கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பாதையோரம் அசையாமல் வையுங்கள். லொறி கடக்கும்போது திரையில் காந்தப்புலத்தைக் காட்டும் கோடு துள்ளும். தூரம் கூடக்கூட அந்தத் துள்ளல் மளமளவென்று சுருங்கும். சில மீற்றருக்கு மேல் நம்ப வேண்டாம். எனவே உணரியை வளைவுக்கு முன்பாகவே நட்டு, விளக்குக்குக் கம்பி இழுப்பதே புத்தி. ஆடுகிற கம்பத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள், காற்றடித்தாலே லொறி வந்ததாகச் சொல்லும்.

கேள்வி: பொகவந்தலாவையில் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாவுக்குக் காந்த உணரிப் பெட்டி விற்கிறார். மண்ணுக்கடியில் மாணிக்கம், தங்கம் எதுவானாலும் காட்டுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காந்த உணரி கண்டுபிடிப்பது இரும்பை. நீலக்கல்லும் தங்கமும் அதை அசைக்கும் அளவுக்குக் காந்தத்தன்மை உள்ளவை அல்ல. தங்கத்தைக் காட்டும் உலோகங்காணி வேறு கருவி. அது சுருளில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தி உலோகத்தில் மின்சுழிகளை உண்டாக்கிப் பார்க்கிறது. கல் அதற்கும் அகப்படாது. பெட்டிக்காரர் விடாப்பிடியாக நின்றால், அவர் பார்க்காத இடத்தில் ஒரு தங்க மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி ஒரு துருப்பிடித்த லாடத்தையும் புதைத்துவையுங்கள்; பெட்டி எதையாவது காட்டினால் லாடத்தைத்தான் காட்டும்.