காறை எலும்பு முறிந்த பிறகும்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகளில், கூடுதல் நேரத்தில் முடிவான எது உங்களுக்கு மிகவும் பிடிக்கும்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், 1965, லண்டனின் வெம்பிளி மைதானம். லிவர்பூல் 2, லீட்ஸ் 1. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே லிவர்பூலின் ஜெர்ரி பைர்னுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. அப்போது மாற்று ஆட்டக்காரருக்கு அனுமதி கிடையாது. எதிரணிக்குத் தெரியக் கூடாதென்று வலியை மறைத்தபடி 120 நிமிடமும் ஆடினார் மனிதர்! 90 நிமிடத்தில் கோலே இல்லை. அப்புறம் அதே பைர்ன் இடப்பக்கம் முன்னேறி அனுப்பிய பந்தைத்தான் ரோஜர் ஹன்ட் தலையால் முட்டிக் கோலாக்கினார். கோல் அடித்தவரைவிட பைர்னுக்கே என் முதல் கைதட்டல். லீட்ஸின் பிரெம்னர் சமன் செய்ய, காலஹன் அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி இயன் செயின்ட் ஜான் ஆட்டத்தை முடித்தார். லிவர்பூல் வென்ற முதல் எஃப்.ஏ. கோப்பை அதுதான்.