பின்வளவுக்கு எந்த ஸ்புரூஸ்?

கேள்வி: கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் சென்ற ஆண்டு வீடு வாங்கினோம். முன்வளவில் 30 அடி உயரத்தில் நீல நிறக் கிறிஸ்மஸ் மரம் ஒன்று, ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம், நிற்கிறது. அதன் அடிக்கொப்புகள் பழுப்பாகிக் கொட்டுகின்றன. வெட்டிவிட்டால் துளிர்க்கும் என்று சொல்லி, என் அப்பா ஆளுயரம் வரை எல்லாக் கொப்புகளையும் பாதியில் நறுக்கிவிட்டார். இதுவரை ஒரு துளிரையும் காணவில்லை. பின்வளவில் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை மறைக்க இன்னொரு ஸ்புரூஸ் நட எண்ணுகிறோம். வேலிக்கும் டெக்குக்கும் இடையில் 14 அடி இருக்கிறது. நர்சரியில் ஐந்தாறு வகை வைத்திருக்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எதை வாங்கலாம்? முன்வளவு மரத்தை வெட்ட நேர்ந்தால் அந்தக் கட்டை எதற்காவது உதவுமா? மகள் வயலின் பழகுகிறாள். வயலினே ஸ்புரூஸில்தான் செய்வார்கள் என்கிறாள்.

பதில்: அப்பாவைக் கோபிக்காதீர்கள். கிளுவை வேலி கட்டிப் பழகிய கை அது. கிளுவையையும் பூவரசையும் எங்கே வெட்டினாலும் நாலு துளிர் விடும். வெட்டிய தடியைக் கதியாலாக ஊன்றினால் அதுவும் வேர்பிடிக்கும். ஸ்புரூஸ் அந்தச் சாதி இல்லை. பச்சை ஊசி நிற்கிற இளங்கொப்பில்தான் அதற்கு மொட்டுகள் இருக்கும். ஊசி உதிர்ந்த பழைய பகுதியில் வெட்டினால் கொப்பு அத்தோடு சரி. உங்கள் மரத்தின் அடிப்பகுதி இனி மூடாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னர் வெட்டிச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் ஸ்புரூஸ் வாங்கக் கூடாது. நர்சரி அட்டையில் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். மேலே வானம் காலியாகத்தான் கிடக்கிறது; மின்கம்பி இல்லாவிட்டால் உயரத்தால் பெரிய தொல்லை இல்லை. நடைபாதையையும் வேலியையும் டெக்கையும் விழுங்குவது அகலம்.

முதலில் முன்வளவு மரம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கொலராடோ நீல ஸ்புரூஸ். ராக்கி மலைகளில், காற்று வறண்ட உயரங்களில் வளரும் மரம். அதன் நீலம் ஊசியின் நிறமே அல்ல, மேலே படிந்த மெழுகு. ஓர் ஊசியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியும். அந்த நீலத்துக்கு மயங்கி ஒரு தலைமுறையே வீட்டுக்கு வீடு நட்டது. ஒன்டாரியோவின் புழுக்கமான கோடை அதற்கு ஒத்துவருவதில்லை. இளமரமாக இருக்கும்வரை நன்றாக நிற்கும். கொப்புகள் அடர்ந்து உள்ளே காற்றோட்டம் குறைந்ததும் பூஞ்சை பிடிக்கும். இதில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், என்னை வரச்சொல்லிக் கூப்பிடும் நோயாளி மரங்களில் முக்கால்வாசி இதுதான்.

என்ன நோய் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பழுப்பாகத் தொடங்கிய, ஆனால் இன்னும் உதிராத ஊசி ஒன்றைப் பறியுங்கள். இந்த ஆண்டுத் துளிரில் வேண்டாம், கொப்பில் சற்று உள்ளே தள்ளிப் பறியுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசியின் நீளத்துக்கு வரிசையாக நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவை ஊசி மூச்சுவிடும் துளைகள். அந்த வரிசையில் வெள்ளைக்குப் பதில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது ரைசோஸ்பேரா என்ற பூஞ்சை. புது ஊசி விரியும் வசந்தத்தில் தொற்றி, அடுத்த ஆண்டுதான் பழுப்பாக்கிக் கொட்டும். ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் பழுப்பு சென்ற ஆண்டு தொற்றியது.

கறுப்புப் புள்ளி இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாளைக் கொப்புக்குக் கீழே பிடித்து, கொப்பை நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடக்கத் தொடங்கினால் அது செஞ்சிலந்திப் பேன். குழாய்த் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும். ஒரு கொப்பு முழுதாகப் பட்டு, பட்டையில் பறவை எச்சம்போல வெள்ளையாகப் பிசின் வடிந்து காய்ந்திருந்தால் அது பட்டைப்புற்று. அதற்கு மருந்து கிடையாது. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் பனிக்காலத்தில் தெருவுக்குப் போடும் உப்பு.

எதுவானாலும், அப்பா விட்டுவைத்த பாதிக் கொப்புகளில் ஊசி இல்லாதவற்றை மழையில்லாத ஒரு நாளில் அடிமரத்தோடு ஒட்டிய மேடு வரை எடுத்துவிடுங்கள். மேட்டை வெட்ட வேண்டாம், காயம் மூடுவது அங்கிருந்துதான். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி மரத்தின்மேல் அடிக்காதபடி திருப்பிவையுங்கள். ஈர ஊசியில்தான் பூஞ்சை பரவும். மருந்து அடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் உரிமம் பெற்றவரை அழையுங்கள். 2009 முதல் ஒன்டாரியோவில் தோட்ட அழகுக்காக இரசாயன மருந்து அடிப்பதற்குத் தடை இருக்கிறது. கடையில் கண்டதை வாங்கி ஊற்றும் காலம் போய்விட்டது.

மேல்பாதி பச்சையாக இருக்கும்வரை நானாக இருந்தால் வெட்ட மாட்டேன். வெட்டுவதென்று முடிவானாலும் உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றித் தையல் நாடா பிடியுங்கள். சுற்றளவு 94 சென்டிமீட்டரை எட்டினால் விட்டம் 30 சென்டிமீட்டர். டொராண்டோ நகரசபையின் அனுமதி இல்லாமல் அந்த அளவு மரத்தை வெட்டக் கூடாது, அது உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும்.

இனிப் பின்வளவு. நர்சரிக்குப் போனால் முதலில் கையில் எடுத்தது ஸ்புரூஸ்தானா என்று பாருங்கள். ஊசியைப் பிடுங்கி இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். ஸ்புரூஸ் ஊசி நாற்பட்டையாக இருப்பதால் உருளும். ஃபர் மரத்தின் ஊசி தட்டை, உருளாது. பைன் என்றால் ஊசிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக வரும். ஊசி உதிர்ந்த ஸ்புரூஸ் சுள்ளியைத் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். ஒவ்வோர் ஊசியும் ஒரு சின்ன முளையை விட்டுவிட்டுப் போகிறது. ஸ்புரூஸைத் தமிழில் தேவதாரு என்று எழுதுகிறவர்களும் உண்டு. தவறு. தேவதாரு இமயமலையில் வளரும் சீடர் (cedar) மரம், வேறு பேரினம். இமயத்தின் மேற்குப் பகுதியில் ஸ்புரூஸும் தனியாக வளர்கிறது. ஊசிகள் நீண்டு, கொப்பு தொங்கும் அழகான மரம்.

உலகில் 35 வகைக்கு மேல் ஸ்புரூஸ் உண்டு. உங்களுக்குத் தேவை நாலைந்து பற்றிய அறிவுதான்.

விலை மலிவாக, கொழுகொழுவென்று நிற்பது நோர்வே ஸ்புரூஸ். ஐரோப்பாவிலிருந்து வந்தது. பெரிய மரத்தில் கிளைகளிலிருந்து சிறுகொப்புகள் ஈரச்சேலை காயப்போட்டதுபோலத் தொங்கும். கூம்பு முக்கால் சாண் நீளம் வரும். இளமையில் ஆண்டுக்கு இரண்டடி சாதாரணமாக வளரும். சீக்கிரம் மறைப்புக் கிடைக்கும் என்று விற்பனையாளர் இதைத்தான் கையில் தருவார். இருபது முப்பது ஆண்டில் அது 25 அடி அகலம் கேட்கும். உங்களிடம் இருப்பது 14. வீட்டுச் சுவரிலிருந்து ஏழடியில் யாரோ ஆசையாக நட்ட நோர்வே ஸ்புரூஸை வெட்டி இறக்குவதற்கு நாங்கள் வாங்கும் கூலி, அதை வாங்கிய விலையைப்போல ஐம்பது மடங்கு இருக்கும். இதே வகையில் தூண்போல ஒடுங்கி வளரும் ‘குப்ரெசினா’ என்றொரு தெரிவு இருக்கிறது. ஆறேழு அடி அகலத்தோடு நின்றுவிடும். கிடைத்தால் அது வேறு கதை.

வெள்ளை ஸ்புரூஸ் இந்த மண்ணின் மரம். எந்தக் குளிரையும் தாங்கும். தோட்டத்தில் 40 முதல் 60 அடி உயரமும் 10 முதல் 20 அடி அகலமும் வரும். ஊசியைக் கசக்கினால் பூனை மூத்திர வாடை வரும், முகர்ந்து பார்த்தால் மறக்க மாட்டீர்கள். யாழ் குடாநாட்டுக் காணி அளவு இடம் இருந்தால் இதையே சொல்லியிருப்பேன். படிக்கட்டின் இருபுறமும் சீனிக்கூம்புபோல வைத்திருப்பார்களே, அந்தக் குள்ள அல்பேர்ட்டாவும் வெள்ளை ஸ்புரூஸின் பிறழ்வுதான். 1904இல் அல்பேர்ட்டாவில், இன்று லூயிஸ் ஏரி என்று சொல்லும் இடத்துக்கு அருகே காட்டில் கண்டெடுத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று அங்குலம்தான் வளரும். மாடி ஜன்னலை அது மறைப்பதற்குள் உங்கள் பேரப்பிள்ளைகள் வீட்டை விற்றுவிடுவார்கள். கறுப்பு ஸ்புரூஸ் வடக்கே சதுப்பு நிலத்துக்குரியது, தோட்டத்துக்கு வேண்டாம். மேற்குக் கரையின் சிட்கா ஸ்புரூஸ்தான் இந்தக் குடும்பத்தின் பூதம். வான்கூவர் தீவில் 96 மீட்டர் உயரத்தில் ஒன்று நிற்கிறது. அதற்குக் கடல் ஈரம் வேண்டும், இங்கே பிழைக்காது.

எனது தெரிவு சேர்பிய ஸ்புரூஸ். 1875இல் பால்கனில் திரினா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தாவரவியலாளர் யோசிப் பாஞ்சிச் கண்டது. இயற்கையில் அந்தச் சிறு பகுதியைவிட்டால் வேறெங்கும் இல்லை. கத்திபோல ஒடுங்கி வளரும்: 40, 50 அடி உயரத்துக்குப் போனாலும் அகலம் பெரும்பாலும் 10, 12 அடிக்குள் நிற்கும். நகரத்துப் புகையையும் களிமண்ணையும் ஓரளவு பொறுக்கும். நான் மேலே சொன்ன உருட்டும் சோதனை இதற்குச் செல்லாது. ஸ்புரூஸானாலும் இதன் ஊசி தட்டை, அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக்கோடு ஓடும். கொப்புகள் கீழே வளைந்து நுனியில் மேலெழும்புவதால், காற்றடித்தால் மரம் வெள்ளையும் பச்சையுமாக மின்னும்.

ஆறேழு அடிக் கன்றாக வாங்கினால் முதல் இரண்டாண்டு அசையாது. பிறகு ஆண்டுக்கு ஓரடி என்று கணக்கு வையுங்கள். மாடி ஜன்னல் உயரத்துக்கு வரப் பத்தாண்டு ஆகும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. டெக்கில் நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மகளை ஒரு நீளத் தடியோடு புல்லில் நிறுத்துங்கள். ஜன்னலும் தடியின் நுனியும் ஒரே கோட்டில் வரும்வரை முன்னே பின்னே நடக்கச் சொல்லுங்கள். மரம் உங்களுக்குக் கிட்ட வரவர, குறைந்த உயரமே ஜன்னலை மறைக்கும். ஆனால் டெக்கிலிருந்தும் வேலியிலிருந்தும் ஆறடிக்குக் குறையக் கூடாது. உங்கள் 14 அடியில் நகர்த்திப் பார்க்க இரண்டடிதான் மிஞ்சும். அதுவே ஓரிரண்டு ஆண்டு மிச்சம் பிடிக்கும்.

கட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகள் சொன்னது சரி. வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ், முதுகு பெரும்பாலும் மேப்பிள். இத்தாலியின் கிரிமோனா நகரில் வயலின் செய்த ஸ்திராதிவாரியின் காலத்துக்கும் முன்பிருந்தே அதுதான் வழக்கம். பியானோவின் ஒலிப்பலகையும் பெரும்பாலான நல்ல கிட்டார்களின் மேற்பலகையும் இதுவே. எடை குறைவு, ஆனால் இழையோட்டத்தில் விறைப்பு அதிகம். கம்பியின் அதிர்வை விழுங்காமல் கொடுத்துவிடும். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் சட்டத்துக்கும் அதே குணத்துக்காகத்தான் ஸ்புரூஸ் எடுத்தார்கள். இங்குள்ள முதற்குடிகள் பேர்ச் பட்டைத் தோணியைத் தைத்தது ஸ்புரூஸ் வேரால், ஓட்டை அடைத்தது ஸ்புரூஸ் பிசினால்.

உங்கள் முன்வளவு மரம் மட்டும் வயலினுக்கு ஆகாது. அதற்குரிய மரம் உயர்ந்த மலைச்சரிவில், நெருக்கத்தில், மெதுவாக வளர்ந்திருக்க வேண்டும். மகளின் வயலின் மேற்பலகையில் நூல்போல ஓடும் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஓராண்டு வளர்ச்சி, பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இராது. வெயிலும் உரமும் தின்று வளர்ந்த வீட்டு மரத்தில் அந்த இடைவெளி அதைப்போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு அடிமுதல் நுனிவரை கணு. வேலிக்கம்பமாகவும் போடாதீர்கள், மண்ணில் பட்டால் சீக்கிரம் உக்கிவிடும். இங்கே வேலிக்குச் சீடர் மரம் போடுவது அதனால்தான். முற்றத்தில் நெருப்பு மூட்டலாம், ஆனால் பிசின் பொறிபறக்க வெடிக்கும். அரைத்துத் தூளாக்கிப் புதுக் கன்றின் அடியில் பரப்புவதே உருப்படியான பயன். ஸ்புரூஸ் பலகையைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் முடிக்கப்படாத நிலவறைக்கு இறங்கி, சுவர்ச்சட்டத்தின் இரண்டுக்கு நான்கு கட்டைகளில் முத்திரையைத் தேடுங்கள். எஸ்-பி-எஃப் என்று இருக்கும்: ஸ்புரூஸ், பைன், ஃபர். உங்கள் வீடே அனேகமாக அதன்மேல்தான் நிற்கிறது.

நடுவதற்கு ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் (Ontario One Call) சேவைக்குச் சொல்லிவிடுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். வேர்ப்பந்தைக் கம்பிக்கூடையும் சணல் சாக்குமாகத் தந்திருந்தால் குழியில் இறக்கி நிறுத்தியபின் மேற்பாதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மரத்தூளை மூன்றங்குல உயரத்துக்குப் பரப்பலாம், அடிமரத்தைத் தொடக் கூடாது. ஸ்புரூஸின் வேர் மேலாக ஓடுவது, வறட்சி உடனே தெரியும். முதல் மூன்று கோடையும் வாரம் ஒருமுறை நின்று நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். பனிக்காலத்திலும் ஊசிகள் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது. ஆகவே நவம்பரில் வெளிக்குழாயை அடைப்பதற்கு முந்தைய நாள் கடைசியாக ஒருமுறை வேர்ப்பந்து ஊறும்வரை விடுங்கள். பிறகு குழாயை மூடலாம்.